இரண்டு பெயர், ஒரே மருந்து

என் கணவர் தூத்துக்குடி துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். சர்க்கரைக்கு உள்ளூர் டாக்டரிடம் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சீக்கிரம் குறையட்டும் என்று திருச்செந்தூரில் இன்னொரு டாக்டரிடமும் அவரைக் காட்டினேன். முதல் டாக்டரைப் பற்றி அங்கே மூச்சு விடவில்லை. இரண்டு மாத்திரைகளையும் தினமும் காலையில் நானே எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்து மருந்துக்கடைக்குப் போனேன். அங்கிருந்த பார்மசிஸ்ட் பெண் திருச்செந்தூர் சீட்டைப் பார்த்துவிட்டு, "அக்கா, அவுக வேற என்ன மாத்திரை சாப்பிடுதாவ?" என்று கேட்டாள்.

"சீட்டுல உள்ளதக் குடும்மா. பஸ்ஸுக்கு நேரமாவுது" என்றேன்.

அவள் விடவில்லை. பையிலிருந்த பழைய மாத்திரை அட்டையை வேண்டாவெறுப்பாக எடுத்து நீட்டினேன். அதைப் புது அட்டைக்குப் பக்கத்தில் வைத்து, பின்னால் இருந்த பொடி எழுத்தைக் காட்டினாள்.

"கம்பெனி பேருதான் வேற. ரெண்டும் ஒரே மருந்துக்கா. இரட்டை அளவு போவுது. அவுகளுக்குத் தலை சுத்துதா? வேர்க்குதா?"

எனக்குத் தெரியவில்லை. அங்கேயே நின்று அவருக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"ரெண்டு தடவ ஓட்டும்போதே கண்ணு இருட்டிட்டு. ஓரங்கட்டி நின்னுட்டேன். சொன்னா நீ வைவேன்னு சொல்லல" என்றார்.

அந்தப் பெண்ணே திருச்செந்தூர் டாக்டரிடம் போனில் பேசி, ஒரு மாத்திரையை நிறுத்த வைத்தாள். அவர் இப்போது நன்றாக இருக்கிறார்.

முன்பின் தெரியாத ஒருத்தி கேட்டதை, கூடவே இருந்த நான் கேட்கவில்லை. நான் கேட்காமலே என்னிடம் சொல்லலாம் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.