சர்வர் அறைக்கு வெளியே

சேலத்தில் நான் படித்த கம்ப்யூட்டர் மையத்தின் மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை. லினக்ஸ் கட்டளைகளைக் கேள்வி பதிலாக மனப்பாடம் செய்ய வைத்து, சான்றிதழைக் கையில் திணித்து அனுப்பினார்கள். விழுந்த சர்வரை எழுப்புவது எப்படி என்று அங்கே ஒருத்தருக்கும் தெரியாது. தானாகவே பேக்கப் எடுக்க ஸ்கிரிப்ட் எழுதுவது, எடுத்ததைத் திரும்பப் போட்டுப் பார்ப்பது, சர்வர் தன் நடப்பைப் பதிந்துவைக்கும் லாக் படிப்பது எல்லாம் ஒரு பழைய லேப்டாப்பைப் பத்து முறை பாழாக்கி நானே கற்றுக்கொண்டது.

முதல் வேலை பள்ளிபாளையத்தில், ஒரு சாயப்பட்டறை அலுவலகத்தில் சர்வரைப் பார்த்துக்கொள்வது. எந்த நிறத்துக்கு எந்தச் சாயம் எத்தனை கிராம் என்ற கலவை அளவுகள் முழுவதும் ஒரே சர்வரில் இருந்தன. அது போனால் பட்டறை நிற்கும், என் வேலையும் போகும்.

ஆயுத பூஜைக்கு எல்லா இயந்திரத்தையும் நிறுத்திப் பொட்டு வைப்பார்கள், சர்வருக்கும். அன்று மேனேஜர் எல்லார் முன்னாலும் கேட்டார், "அம்மிணி, சுத்தமாத்தான இருக்கறீங்க?"

மாதவிலக்கின் இரண்டாம் நாள். பொய் வரவில்லை.

"அப்ப உள்ள வந்துராதீங்க" என்று சர்வர் அறைக் கதவை மறித்துக்கொண்டார். அத்தனை ஆண்கள் நடுவில் உடம்பு கூசிப்போனது. தினமும் அந்த அறையைத் தூசி தட்டியவள் நான்.

"வெளிய இருந்தே நிறுத்தறனுங்க. அஞ்சு நிமிசம் ஆகும், அதுவரைக்கும் பிளக்கத் தொட வேண்டாங்க" என்றேன். என் மேசையிலிருந்தே நெட்வொர்க் வழியாக நுழைந்து, கலவை அளவுகள் இருந்த டேட்டாபேஸை முதலில் நிறுத்தக் கட்டளை கொடுத்தேன். காலையிலேயே செய்திருக்க வேண்டும். அது என் தப்பு. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, "ராகு காலம் வந்துருமுங்க" என்று உள்ளே நின்ற பட்டறை எலக்ட்ரீசியன் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். கத்தினேன். உள்ளே மணியடித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் சர்வருக்குக் கரண்ட் கொடுத்தார்கள். விளக்கு எரிந்தது, கலவை அளவுகள் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கவில்லை.

முதலாளி நேராக என்னிடம் வந்தார். "படிச்ச புள்ளைன்னு நம்பித்தான உட்டேன் சாமி. இது செரியாவுலீன்னா நாளைக்கு வர வேண்டாமுங்க."

பிளக்கைப் பிடுங்கியவர் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

மேனேஜர் ஓடிப்போய் அறைக் கதவைத் திறந்து பிடித்தார். "உள்ள வந்து பாருங்க அம்மிணி."

"இன்னிக்கு மூணாவது நாளுங்க."

"அட, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, வாங்க."

ஒன்றுமில்லையாம். நான் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே சர்வருக்குள் போனேன். கோபத்தில் கடவுச்சொல்லை இரண்டு முறை தப்பாக அடித்தேன். லாகைப் படித்ததில், பிளக்கைப் பிடுங்கிய நேரத்தில் பாதி எழுதும்போதே ஒரு கோப்பு உடைந்தது தெரிந்தது. அதை ஒதுக்கிவிட்டு, பூஜைக்கு முந்தின நாள் என் ஸ்கிரிப்ட் வேறொரு கம்ப்யூட்டரில் சேமித்திருந்ததைத் திரும்பப் போட்டேன். ஒரு மணி நேரத்தில் கலவை அளவுகள் அத்தனையும் திறந்தன.

மேனேஜர் இன்னும் கதவைப் பிடித்தபடியே நின்றார்.

"சாத்துங்க, ஏசி வெளிய போவுது" என்றேன்.