விடியாத வெள்ளிக்கிழமை

1988ஆம் ஆண்டு, சித்திரை வருடப் பிறப்பு முடிந்த கையோடு நடந்தது இது. யாழ்ப்பாண நகரில் ஒரு மாடிக் கட்டடத்தில் இயங்கிய சிறிய கொம்பியூட்டர் வகுப்பொன்றில் நான் படிப்பித்துக்கொண்டிருந்தேன். இணுவிலிலிருந்து சைக்கிளில் போய்வருவேன். இயந்திரங்கள் இரண்டே இரண்டு. மின்சாரம் தன் விருப்பத்துக்கு வரும், போகும். வந்த நேரம் பார்த்து வகுப்பை நடத்தவேண்டியதுதான்.

படிக்க வந்தவர்களைவிடத் திதி கேட்டு வந்தவர்கள்தான் எங்களிடம் அதிகம். ஒருவர் இறந்தால் ஆண்டுத் திவசத்தை ஆங்கிலத் திகதியில் செய்வதில்லை. இறந்தபோது இருந்த திதி பார்த்துத்தான் செய்வோம். அந்தத் திதியைச் சொல்ல அந்த வருடத்துப் பஞ்சாங்கம் வேண்டும். முந்தைய ஐப்பசியில் இந்திய இராணுவம் வந்தபோது நடந்த சண்டையில் வீடுகளோடு பஞ்சாங்கங்களும் போயிருந்தன. ஐயர்மாரே கையை விரித்தார்கள். எங்கள் இயந்திரமோ இறந்த திகதியையும் நேரத்தையும் கொடுத்தால் திதியையும் இந்த வருடம் திவசம் வரும் நாளையும் அடித்துக் கொடுத்துவிடும். அந்தப் புரோகிராமை எழுதியவர் எனக்கு முன் அங்கே வேலை செய்தவர். எழுதி முடித்த கையோடு ஜேர்மனிக்குப் போய்விட்டார்.

வகுப்பை நடத்திய சேர் ஐம்பது தாண்டியவர், இறந்த தாய்க்காகச் சித்திராப் பூரணை விரதம் பிடிப்பவர். அந்த முறை விளையாட்டாக இயந்திரத்திடம் பூரணை என்றைக்கு என்று கேட்டிருக்கிறார். அது சொன்ன நாள், பூரணைக்கென்று நாடு முழுவதும் போயா விடுமுறை விட்டிருந்த நாளுக்கு அடுத்த நாள். மனிசன் வெலவெலத்துப் போனார்.

"பிள்ளை, பூரணையே பிந்திப்போச்சு. இனி உதை நம்பித் திவசம் செய்த சனத்துக்கு என்ன சொல்லுறது?"

நாள் வாங்கிப் போனவர்களையெல்லாம் திரும்ப வரச்சொல்லி, அந்தந்த ஊர் மாணவர்களிடம் சொல்லி அனுப்பினார். பிழையைக் கண்டுபிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

புரோகிராமை அச்சடித்துப் பார்த்தேன். கடதாசி மேசையிலிருந்து வழிந்து நிலத்தில் சுருண்டது. நாள், மாதம், வருடம் வரும் வரிகளை மட்டும் பார்க்கலாம் என்றால், அந்த மகான் அவற்றுக்கு வைத்த பெயர்கள் வேறு. நாளுக்குப் புட்டு, மாதத்துக்கு இடியப்பம், வருடத்துக்குத் தோசை. பசி நேரத்தில் எழுதியிருப்பார் போல. அதோடு விட்டாரா? புட்டோடு ஒன்றைக் கூட்டிச் சம்பல் என்று வைத்து, சம்பலை எடுத்து இன்னோரிடத்தில் வடை ஆக்கியிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு ஆள் ஜேர்மனியில் இருந்தது அவருடைய அதிர்ஷ்டம்.

கண்ணால் தேடினால் சரிவராது என்று தெரிந்தது. ஆகவே தேடுவதற்கென்றே இன்னொரு சின்னப் புரோகிராம் எழுதினேன். அது பழைய புரோகிராமை வெறும் எழுத்தாக நினைத்து வரி வரியாக வாசிக்கும். புட்டோ இடியப்பமோ தோசையோ வரும் வரியைப் பிடிக்கும். அந்த வரியில் அவற்றிலிருந்து வேறொரு பெயர் பிறந்திருந்தால், அந்தப் பெயரையும் சேர்த்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தேடும். இனிப் புதிய பெயர் இல்லை என்று ஆனதும் திகதியைத் தொட்ட வரிகளை மட்டும் அடித்துத் தரும். மின்சாரம் நின்று நின்று வந்ததால் இதற்கே சில நாட்கள் பிடித்தன. ஆனால் கடைசியில் அந்தக் கடதாசிச் சுருள் முழுவதும் ஒரே ஒரு தாளுக்குள் வந்தபோது எனக்கு என்னைப்பற்றிக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

முதல் பிழை உடனே அகப்பட்டது. ஆங்கிலப் பெப்ரவரிக்கு எந்த வருடமும் இருபத்தெட்டு நாள் என்று எழுதியிருந்தார். அந்த வருடம் இருபத்தொன்பது. அதனால்தான் மார்ச்சுக்குப் பிறகு எல்லாமே ஒரு நாள் பிந்தியது. திருத்தினேன். பூரணையும் போயாவும் ஒன்றாயின. சேர் சிரித்துக்கொண்டே தேத்தண்ணி வாங்கி வந்தார்.

ஆனால் தாளில் இன்னொரு வரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. இறந்த நேரம் காலை ஆறுக்கு முன் என்றால் நாளோடு ஒன்றைக் கூட்டு என்றது அது. எதற்கு? பக்கத்தில் ஒரு விளக்கமும் இல்லை. அதிகாலை இரண்டு மணிக்கு இறந்தவரை ஏன் அடுத்த நாளுக்குத் தள்ளவேண்டும்?

"உதுவும் பிழைதான். வெட்டிவிடுங்கோ," என்றார் சேர். எனக்கும் அப்படித்தான் பட்டது. பின்னேரம் வெட்டுவோம் என்று வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன்.

மத்தியானம்போல் அச்சுவேலியிலிருந்து ஒரு அக்கா படியேறி வந்தார். தோட்டம் செய்யும் குடும்பம். முந்தைய வருடம் வைகாசியில் கணவர் நோயில் இறந்திருக்கிறார். சண்டையால் கொழும்புப் பாதை பூட்டிய நேரம் அது. கொழும்பில் வேலை செய்த ஒரே மகனால் கொள்ளி வைக்க வரமுடியவில்லை. சித்தப்பன்தான் வைத்தார். இப்போது ஆண்டுத் திவசத்துக்கு எங்கள் இயந்திரம் சொன்ன நாளை மகனுக்கு எழுதி, அவனும் அதற்கேற்ப லீவு கேட்டிருக்கிறான். நாள் பிழை என்று கேள்விப்பட்டதும் ஓடி வந்திருக்கிறார்.

நான் அவர் சொன்ன திகதியையும் நேரத்தையும் கொடுத்து, அந்த வரி இருக்கவும் ஒருமுறை, இல்லாமலும் ஒருமுறை அடித்துப் பார்த்தேன். இரண்டு நாள் வந்தது. முன்பு கொடுத்த பிழையான நாளோடு சேர்த்தால் ஒரு மனிதருக்கு மூன்று திவச நாள்! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அக்கா கோபிக்கவில்லை. கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு மெதுவாகச் சொன்னார்.

"அவன் தேப்பன்ரை முகத்தையும் பாக்கேல்லை, கொள்ளியும் வைக்கேல்லை. உதையாவது சரியான நாளிலை செய்யட்டும் பிள்ளை. லீவு ஒருக்காத்தான் குடுப்பினமாம். இண்டைக்கே தந்தி அடிக்கவேணும்."

அதுவரை புட்டும் தோசையுமாக இருந்தது திடீரென்று ஒரு பிள்ளையின் தகப்பன் ஆகிவிட்டது. எதைச் சொல்வது? மரணப் பதிவைப் பார்ப்போம் என்றால், பதிவுக் கந்தோர் பூட்டிக்கிடந்த காலம், பதிவே செய்யவில்லை. வேறு வழியில்லாமல் அந்த நாளைப்பற்றி விசாரித்தேன்.

"வியாழக்கிழமை சாமம் ரண்டு மணி எண்டனீங்கள். அப்ப வியாழன் பகல் அவர் இல்லையோ அக்கா?"

"இல்லாமலோ? பகல் முழுக்க என்னோடை கதைச்சவர். பின்னேரம் தோட்டத்துக்குத் தண்ணி மாறியாச்சோ எண்டும் கேட்டவர். இரவுதான் மூச்சு இழுக்கத் துவங்கினது."

"அப்ப ரண்டு மணிக்கு வெள்ளிக்கிழமை பிறந்திட்டுதெல்லோ?"

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார்.

"விடியேல்லையே பிள்ளை. விடியாமல் எப்பிடி வெள்ளியாகும்?"

சேரும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். நாங்களும் வீட்டில் அப்படித்தானே பேசுவோம்! நள்ளிரவு தாண்டியும் அது வியாழன் இரவுதான். சூரியன் வந்தால்தான் வெள்ளி. நாள் மாறும் நேரம் பன்னிரண்டு என்பதெல்லாம் மணிக்கூட்டுக்கும் இயந்திரத்துக்கும்தான். ஜேர்மனிக்குப் போன அந்தக் குறும்பன் தன் சனம் எப்படி நாள் சொல்லும் என்று தெரிந்து, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வரி போட்டு வைத்திருக்கிறான். எங்கள் இரண்டு பேருக்கும் புரோகிராமின் முன்னால் இருந்தவுடன் அது மறந்துபோயிருந்தது.

ஆனாலும் ஊகத்தில் நாள் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திதி நிச்சயமாகத் தெரிந்த ஒரு மரணம் வேண்டுமென்றேன். சேர் தன் தாயைச் சொன்னார். வருடாவருடம் ஐயர் குறித்துக் கொடுத்த திதியில் திவசம் செய்கிறவர். "புதன் இரவு மூண்டு மணி" என்று சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வரி இருக்கும்போது ஐயரின் திதி அப்படியே வந்தது. வரியை எடுத்தால் முந்தின திதி.

"உந்த வரியிலை கை வைக்காதேங்கோ," என்றார் சேர், ஏதோ நான்தான் வெட்டச் சொன்னதுபோல.

திவச நாளை எழுதிக் கொடுத்து, அக்காவை என் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு தபாற்கந்தோருக்குப் போனேன். தந்தி அடித்து வெளியே வந்ததும் அவர் என் கையைப் பிடித்தார். அன்றே புரோகிராமில் ஒரு கேள்வியைச் சேர்த்தேன்: நீங்கள் சொல்லும் நாள் விடிந்தபின் மாறுவதா, நள்ளிரவு பன்னிரண்டுக்கு மாறுவதா? மரணப் பத்திரத்தைப் பார்த்துத் திகதி சொல்பவர்களுக்கு அந்த ஒன்றைக் கூட்டக்கூடாது அல்லவா?

அச்சுவேலி மாணவன் ஒருவன் பிறகு வந்து சொன்னான். மகன் முதல்நாள் பொழுதுபடும்போது ஒரு லொறியில் வந்து இறங்கினானாம். திவசம் செய்து முடித்து எழும்பியவன் தாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதானாம். அதற்கு முன் அவன் அழவேயில்லையாம். கேட்டபோது எனக்கும் கண் கலங்கியது.

அதன் பின்னர் வெளிநாட்டில் எத்தனையோ பழைய புரோகிராம்களைத் திருத்தியிருக்கிறேன். தேடித் தரும் கருவிகளும் இப்போது எவ்வளவோ கெட்டித்தனமாகிவிட்டன. ஆனால் ஏனென்று விளங்காத ஒரு வரி வந்தால் இன்றைக்கும் நான் உடனே வெட்டுவதில்லை. கணவருக்குப் பக்கத்தில் விடியும்வரை இருந்த ஒரு பெண்ணுக்கு அந்த இரவு முழுவதும் வியாழக்கிழமையாகத்தான் இருந்தது என்பதை நினைத்துக்கொண்டு, முதலில் யாரிடமாவது கேட்கிறேன்.