எதிர்ப்பக்கம் சரிந்த வெட்டு

1984. மலேசியாவில், ஈப்போவுக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில் எங்கள் பஸ் பழுதாகி நிற்கிறது. எண்ணெய் தரும் செம்பனை நடுவதற்காக ரப்பர் மரங்களைச் சாய்த்துக்கொண்டிருக்கிறார்கள். என் கழுத்தில் தொங்கும் கேமராவைப் பார்த்துவிட்டு, பட்டையைக் கீறிப் பால்மரம் வெட்டும் முனியம்மா ஓடி வருகிறார்.

“தம்பி, இந்த மரத்த ஒரு படம் புடிச்சுக் குடுங்க. மத்தியானத்துக்குள்ள சாச்சிருவாங்க.”

மற்ற மரங்களில் பால் வடியும் வெட்டு இடமிருந்து வலமாக இறங்குகிறது. இதில் மட்டும் எதிர்ப்பக்கம் சரிந்திருக்கிறது. ஆழமாகப் பட்ட காயம் முண்டும் முடிச்சுமாக ஆறியிருக்கிறது.

“யாரு அக்கா இப்படி வெட்டுனது?”

“எம் மவன். பட்டாளத்துலேருந்து லீவுல வந்தவன், ‘நீ தூங்கும்மா, இன்னிக்கு ஒன் நிரையில மரம் வெட்ட நான் போறேன்’னான். பீச்சாங்கைப் பய. கங்காணி கத்துன கத்து இருக்கே!” சொல்லிவிட்டுச் சிரிக்கிறார்.

அந்த லீவு முடிந்து திரும்பிய மாதமே, தாய்லாந்து எல்லைக் காட்டில் கண்ணிவெடி அவனைக் கொன்றுவிட்டது. வயது இருபத்திரண்டு.

மரத்தோடு சேர்ந்து நிற்கச் சொல்கிறேன். முனியம்மா தள்ளிப் போகிறார்.

“நான் எதுக்கு? அந்த வெட்டு தெரிஞ்சா போதும். முப்பது வருசமா இருட்டுலயே எந்திரிச்சு ஓடுறேன். வெயிலு மூஞ்சில படுற வரைக்கும் நான் தூங்குனது அந்த ஒரு நாளுதான் தம்பி. எம் புள்ள குடுத்தது.”