வெள்ளிக்கிழமைப் பசியாறல்

ஊருக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை லீவு என்றால், அச்சன்புதூரில் ஹஸீபா வீட்டுக்கு மட்டும் வெள்ளிக்கிழமை லீவு. அந்த வீட்டில் யாருக்கு லீவு என்று கேட்டால், யாருக்கும் இல்லை. பிள்ளைகள் இரண்டுக்கும் அன்று பள்ளிக்கூடம் உண்டு. ஹஸீபாவுக்கு என்றைக்குமே லீவு கிடையாது. சவுதியில், தம்மாமில் ஒரு சலவைக் கம்பெனியில் துணி தேய்த்துக்கொண்டிருந்த அவள் புருஷன் இத்ரீஸுக்குத்தான் லீவு. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறார் என்பதற்காக, இந்தப் பக்கம் ஒரு வீடு தன் கிழமையையே மாற்றிக்கொண்டது.

வியாழன் சாயங்காலமே அரிசி ஊறிவிடும். வெள்ளி காலையில் ஹஃப்சாவையும் முஃபீதையும் இரண்டு இட்லியோ ரொட்டித் துண்டோ கொடுத்து அனுப்பிவிட்டு, ஹஸீபா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிக்குள் போவாள். ஒரு வாரம் ஆப்பமும் தேங்காய்ப்பாலும். ஒரு வாரம் இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும். பெருநாளை ஒட்டிய வாரமென்றால் கோழிச் சால்னாவும் நெய்யில் சுட்ட ரொட்டியும், ஓரத்தில் ஒரு கிண்ணம் ரவைப் பணியாரமும். தம்மாமில் இத்ரீஸ் கண் விழிக்கும்போது இங்கே பதினோரு மணி ஆகியிருக்கும். அதற்குள் மேசை விரிப்பு மாற்றி, அவர் கொண்டுவந்த கண்ணாடித் தட்டுகளை அடுக்கி, சீனி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துவிட்டுக் காத்திருப்பாள்.

"ஏட்டி, இன்னைக்கு என்ன செஞ்சிருக்க?" என்று போனுக்குள் இருந்து கேட்பார் இத்ரீஸ். இரண்டடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில் உட்கார்ந்திருப்பார், தலைமுடி கலைந்திருக்கும்.

"பாயா. எலும்பு எப்படி வெந்திருக்குன்னு பாருங்க" என்று கரண்டியில் தூக்கிக் காட்டுவாள்.

"மாஷா அல்லாஹ். நானும் இந்தா பசியாறுதேன்" என்று அவர் குபூஸ் ரொட்டியைப் பிய்த்துக் காட்டுவார். சிரிப்பார். அவளும் சிரிப்பாள்.

வாப்பா பார்ப்பதற்கு முன்னால் தட்டில் யாரும் கை வைக்கக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். பள்ளிக்கூட லீவு நாட்களில் பிள்ளைகள் இரண்டும் குளித்துத் தலை சீவி, கையைக் கட்டிக்கொண்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். பேச்சு முடிகிறவரைக்கும் வாசனையை மட்டும் தின்ன வேண்டியதுதான். மற்ற வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஆப்பம் நனைந்த துணி மாதிரி தட்டில் கிடக்கும், பாயாவில் நெய் உறைந்து வெள்ளையாக நிற்கும். ஹஸீபா அதைச் சுடவைத்துக் கொடுப்பாள். சுடவைத்த ஆப்பத்தைத் தின்றவர்களுக்குத் தெரியும் அது என்ன லட்சணம் என்று.

அவளைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் வளைகுடாவில்தான் இருந்தார்கள். பிரிந்தவர்களை நினைத்து ஏங்குவதை அங்கே 'தேடுது' என்பார்கள். "உம்மாவைத் தேடுது", "ஊரைத் தேடுது" என்று போனில் சொல்லி அழுவார்கள். புருஷனுக்குத் தேடிக்கொண்டே இருக்க வேண்டும், தேடாமல் போய்விட்டால் அப்புறம் அவர் வெறும் பணம் அனுப்புகிற ஆள் என்று ஹஸீபா பயந்தாள். வீடியோவில் பேசுகிற வசதி வருவதற்கு முன்னாலும் அவள் சும்மா இருக்கவில்லை. என்ன சமைத்தாள், எப்படிச் சமைத்தாள், மேலே என்ன தூவினாள் என்று ஒன்று விடாமல் சொல்லி, வாயாலேயே பரிமாறினாள்.

வெள்ளிக்கிழமையில் எல்லாத் தெம்பும் தீர்ந்துவிடுவதால் ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டு அடுப்பு மந்தமாகத்தான் எரியும். ரொட்டியும் டீயும், இல்லையென்றால் பழைய சோறு. பக்கத்து வீட்டில் அப்படி இல்லை. அங்கே வேல்விழியின் புருஷன் சங்கிலிப்பாண்டி போலீஸ்காரர். டூட்டி இல்லாத ஞாயிறென்றால் பனியனும் கைலியுமாக அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார். வேல்விழி கல்லில் இருந்து எடுத்த தோசையை எடுத்தபடியே தட்டில் போடுவாள், மேலே முந்தின நாள் மீன் குழம்பு. ஒரு மணிக்கூர், இரண்டு மணிக்கூர் அது நடக்கும். யாருக்கும் எங்கேயும் போக வேண்டியதில்லை. ஞாயிறு காலையில் முஃபீத் எங்கே என்று ஹஸீபா தேட வேண்டியதே இல்லை. அங்கேதான் இருப்பான், சங்கிலிப்பாண்டிக்குப் பக்கத்தில், சம்மணம் போட்டுக்கொண்டு. ஒரு வேளை சமையல் மிச்சம் என்று ஹஸீபா அதைச் சந்தோஷமாகவே எடுத்துக்கொண்டாள்.

இப்படியே வருஷங்கள் போயின. ஹஃப்சாவை வாசுதேவநல்லூரில் கட்டிக்கொடுத்தார்கள். முஃபீத் படித்து முடித்து, தென்காசியில் ஒரு மொபைல் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். கம்பெனியில் ஆட்களைக் குறைத்தபோது இத்ரீஸுக்கும் சீட்டுக் கிழிந்தது. இரண்டு பெட்டியும் இடுப்புவலியுமாக ஒரேயடியாக ஊருக்கு வந்து சேர்ந்தார். ஹஸீபா அன்றைக்கு அழுத அழுகை தெருவுக்கே கேட்டது. இனிமேல் போனைச் சாய்த்து வைக்க வேண்டியதில்லை என்றுதான் முதலில் நினைத்தாள்.

வந்த மனிதருக்கோ வீட்டில் எங்கே உட்காருவதென்றே தெரியவில்லை. விடியற்காலையில் சுபுஹு தொழுதுவிட்டுத் தானே டீ போட்டு, காய்ந்த ரொட்டியைத் தோய்த்து, அடுப்படியில் நின்றுகொண்டே தின்றுவிடுவார். தின்ற கோப்பையைத் தானே கழுவியும் வைத்துவிடுவார். "உக்காருங்க, ஆப்பம் ஊத்துதேன்" என்றால், "இருக்கட்டும்ட்டி, பழகிப்போச்சு" என்பார். மகனும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்தால் மரியாதையாக வழி விட்டுக்கொள்வார்கள், லாட்ஜில் பக்கத்து ரூம்காரர்கள் மாதிரி.

அந்த நேரத்தில்தான் முஃபீத் தனக்குக் கத்தாருக்கு விசா வந்திருப்பதாகச் சொன்னான். சாப்பாட்டுக்கு என்ன என்று கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான்.

ஹஸீபாவால் அதை அவ்வளவு சாதாரணமாகக் கேட்க முடியவில்லை. ஒருவரைக் கொடுத்தது போதாதா? இளமை முழுக்கப் போனுக்குச் சோறு காட்டியது போதாதா? மகன் வீட்டோடு இருக்க வேண்டும். அது ஒன்றுதான் இனி அவளுக்கு வேண்டும். அவன் கடைக்குப் போனதும் இத்ரீஸைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க சொன்னாத்தான் கேப்பான். அங்கன நீங்க பட்டதை ஒளிக்காம சொல்லுங்க. கேட்டா அவனுக்கே வெறுத்துரும்."

"நான் சொல்லி அவன் கேப்பானா?"

"கேப்பான். வாற ஞாயித்துக்கிழமை அவனுக்கு லீவு. ஹஃப்சாவையும் வரச் சொல்லுதேன். எல்லாரும் ஒண்ணா உக்காந்து பசியாறுவோம். அப்பச் சொல்லுங்க."

சோற்றைப் போட்டு மனசை இளக்கிவிடலாம் என்பது அவள் கணக்கு. வேறு என்ன கணக்கு அவளுக்குத் தெரியும்? அந்த வீட்டில் முதல்முறையாக ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அரிசி ஊறியது.

ஞாயிறு காலை சாரல் விழுந்துகொண்டிருந்தது. வேல்விழி குடும்பம் விடியும் முன்பே ஐந்தருவிக்குக் குளிக்கப் போயிருந்தது. ஹஸீபா அடுப்பைக் கூடத்துக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள், ஊற்ற ஊற்றச் சூடாகத் தட்டில் போட வேண்டும் என்று. இத்ரீஸ், முஃபீத், ஹஃப்சா மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தேங்காய்ப்பாலில் ஏலக்காய் மணத்தது. பாயாக் குண்டானில் ஆவி எழும்பியது. இதற்கு மேல் ஒரு வீட்டுக்கு என்ன வேண்டும் என்று நினைத்தாள் ஹஸீபா.

ஹஃப்சா முதல் வாயை வைத்துவிட்டுச் சொன்னாள்: "நம்ம வீட்டு ஆப்பம் இம்புட்டு மெத்துன்னு இருக்கும்னு எனக்கு இப்பத்தான் உம்மா தெரியுது."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். ஹஸீபா புருஷனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். இத்ரீஸ் கையில் எடுத்த ஆப்பத்தைத் தட்டிலேயே வைத்தார்.

"முஃபீத், போறதுக்கு முன்ன நான் சொல்லுததைக் கேட்டுக்கோ. வேலையெல்லாம் பாத்துரலாம். வெயிலும் பழகிரும். வெள்ளிக்கிழமைதாம்லே தாங்காது."

"ஏன் வாப்பா?"

"உங்க உம்மா போன்ல ஒவ்வொண்ணா தூக்கிக் காட்டுவா. நானும் சிரிச்சுக்கிட்டே பாப்பேன். போனை வச்சதும் வாயில போட்ட குபூஸ் தொண்டையில இறங்காது. மூடி வச்சிட்டுப் போர்வைக்குள்ள போயிருவேன். வெள்ளிக்கிழமை காலையில இத்ரீஸ்கிட்டப் பேச்சுக் குடுக்காதீங்கன்னு ரூம்ல உள்ளவங்க சொல்லிக்கிடுவாங்க. ஜும்மா தொழுதுட்டு வந்தப்புறம்தான் மனுசனாவேன். அப்படி எத்தனை வெள்ளிக்கிழமை. அதெல்லாம் உனக்கு வேண்டாம்லே."

ஆப்பச்சட்டியைச் சுழற்றிக்கொண்டிருந்த ஹஸீபாவின் கை நின்றுவிட்டது.

"நானும் பசியாறுதேன்னு பிச்சுப் பிச்சுக் காட்டுவியளே."

"காட்டத்தான் செஞ்சேன்."

"காட்டாதன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா?"

"நீ அம்புட்டு ஆசையா காட்டுத. எப்படிச் சொல்ல?"

"நான் எங்க ஆசைப்பட்டேன்? நீங்க பாக்கணும்னுல்லா செஞ்சேன். வியாழக்கிழமை வந்தாலே எனக்குக் கை ஓஞ்சு போகும். இவுகளுக்குக்கூட நேரத்துக்குப் போடாம…"

அவர் ஆசைப்படுகிறார் என்று அவள் சமைத்தாள், அவள் ஆசைப்படுகிறாள் என்று அவர் பார்த்தார். ஒருவர் வாயைத் திறந்திருந்தால் போதும், ஊரில் எல்லோரையும் போல அந்தப் பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமை சூடாகத் தின்று வளர்ந்திருக்கும். இப்படியும் இரண்டு பேர் இருப்பார்களா என்று கோபம்தான் வருகிறது. சட்டியில் ஆப்பம் கருகியது.

ஆனாலும் சொல்ல வேண்டியதை அவர் சொல்லிவிட்டார் என்ற நம்பிக்கை ஹஸீபாவுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு மகனைப் பார்த்தாள். முஃபீத் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். அவன் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"எனக்கு அந்தக் கஷ்டம் வராது வாப்பா. உங்களுக்கு இந்த வீட்டுச் சாப்பாடு தேடுச்சு, அதனால தாங்கல. இங்கன வெள்ளிக்கிழமை செஞ்சது எதுவும் எனக்குச் செஞ்சது இல்லைன்னு சின்ன வயசுலயே தெரியும். அதை நான் தப்பா நினைக்கல. உங்களுக்குத்தானே உம்மா செஞ்சாக. ஆனா எனக்கு இங்கன தேடுததுக்கு ஒண்ணும் இல்ல. நான் நல்லாவே இருந்துக்கிடுவேன்."

"ஏலே, உங்க உம்மா இருக்காள்லா" என்றார் இத்ரீஸ்.

"இருக்காக. பேசிக்கிடுவேன், தினமும் பேசுதேன். சாப்பாட்டை மட்டும் காட்ட வேண்டாம்."

ஹஃப்சா எழுந்துபோய் உம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். முஃபீத் தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் தின்றான். நன்றாக இருப்பதாகவும் சொன்னான். விருந்துக்கு வந்தவன் வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டுப் போவதுபோல இருந்தது அது.

அதன்பிறகு இத்ரீஸ் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஹஸீபா மட்டும் கடைசிவரை விடவில்லை. தொடர்ந்து எல்லா ஞாயிற்றுக்கிழமையும் ஆப்பம் ஊற்றினாள், இடியாப்பம் பிழிந்தாள், வேல்விழியிடம் கேட்டு மீன் குழம்பு வைத்துப் பார்த்தாள். சின்னப் பிள்ளைக்கு ஊட்டாமல் விட்டதை மீசை முளைத்தவனுக்கு ஊட்டிவிட முடியுமா? அவன் நேரத்துக்கு வந்து உட்கார்ந்தான், தின்றான், கையைக் கழுவினான். போகும் நாள் தள்ளிப் போகவில்லை.

திருவனந்தபுரத்துக்குக் கார் பேசியிருந்தது. கூடத்தில் பெட்டியைத் திறந்து வைத்து அவன் அடுக்கிக்கொண்டிருந்தான். வளைகுடாவுக்கு ஒருவன் போகிறான் என்றால் தெருவே தன் வீட்டு ஆளுக்கு ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுக்கும். மூன்று வீடு தள்ளி இருக்கும் ஷமீம் பானு, கத்தாரில் இருக்கும் தன் புருஷனுக்கென்று கை முறுக்கும் மாங்காய் ஊறுகாயும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஹஸீபாவும் மகனுக்கென்று இறைச்சியை உப்பில் போட்டுக் காயவைத்து வறுத்து ஒரு டப்பா, வறுத்த இடியாப்ப மாவு ஒரு பொட்டலம் கட்டியிருந்தாள். அதைச் செய்த இரண்டு நாளும் அவள் மனசு கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது.

இத்ரீஸ் பெட்டியைத் தூக்கித் தராசில் மாட்டிப் பார்த்தார். எடை கூடுதல். முஃபீத் குனிந்து எதை எடுப்பது என்று பார்த்தான். அதிக நேரம் யோசிக்கவில்லை. உம்மாவின் டப்பாவையும் மாவுப் பொட்டலத்தையும் எடுத்து மேசையில் வைத்தான்.

"முறுக்கை வெளிய எடுலே. உடையுத சாமான்" என்றார் இத்ரீஸ்.

"வேண்டாம் வாப்பா. ஷமீம் அக்கா வீட்டு அண்ணன் இதுக்காகக் காத்துக்கிட்டிருப்பாரு. அவருக்குத் தேடும். எனக்கு இது இல்லாட்டாலும் பரவால்ல."

ஹஸீபா அழவில்லை. அழுவதற்கு எந்த நியாயமும் தன்னிடம் இல்லை என்று அவளுக்குப் பட்டது. உள்ளே போய்ப் பழைய துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, ஷமீம் பானுவின் முறுக்கு உடையாதபடி நன்றாகச் சுற்றிக் கொடுத்தாள்.