கயிற்றில் இரண்டு இழுப்பு

இதில் ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. நேரமெல்லாம் என் கைக்கடிகாரத்தில் பார்த்த நேரம். நடந்தது பட்டப்பகலில். பேய்க்குப் பகலில் என்ன வேலை என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். நானும் அப்படிச் சிரித்தவன்தான்.

செல்போன் கோபுரங்களுக்குப் பெயின்ட் அடிப்பது என் தொழில். என் மனைவியின் தம்பிதான் கூட்டாளி. இருபத்தாறு வயது, ஓயாத வாய். கோபுர உச்சியில் காற்று பேச்சைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் எங்களுக்குக் கயிறுதான் பேச்சு. மேலே போனவன் ஒரு இழுப்பு இழுத்தால், 'தயாரா?' கீழே இருப்பவன் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு இழுப்பு இழுத்தால், 'கட்டிட்டேன், வர்றேன்.' மேலே இருப்பவன் கீழே பார்க்கவே கூடாது. தலை சுற்றும். கயிறு சொல்வதை நம்ப வேண்டும். பதினோரு வருடமாக அதை நம்பித்தான் நான் உயிரோடு இருக்கிறேன்.

அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம். அதற்குள் எங்கள் ஊர் மலைச் சிகரத்தில் ஒரு தடவை ஏறிவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். என் மனைவிக்குத் துளியும் இஷ்டமில்லை.

"அவனுக்கு ஏதாவது ஆச்சு, உங்க முகத்துலயே முழிக்க மாட்டேன்," என்றாள் என்னிடம்.

"விடுக்கா. மாமா கூட இருக்கறப்ப எமனே அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டுதான் வரணும்," என்றான் அவன்.

காலை 8:40க்கு அடிவாரத்திலிருந்து கிளம்பினோம். உச்சிக்குக் கீழே மூன்று செங்குத்துப் பாறைகள். முதல் பாறையில் ஒரு குறையும் இல்லை. கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்த சட்டையைப் பற்றியே பேசிக்கொண்டு ஏறினான். வாயை மூடிக்கொண்டு வாடா என்று நான்தான் அதட்டினேன்.

11:20. இரண்டாவது பாறையின் மேல் நான் போய் உட்கார்ந்தேன். அப்போது பனிமூட்டம் இறங்கியது. ஒரு இழுப்பு இழுத்தேன்.

பதில் இல்லை.

கீழே சரளைக் கற்கள் உருளும் சத்தம். சரசரவென்று... பிறகு நின்றுவிட்டது.

மறுபடி இழுத்தேன். இரண்டு இழுப்பு வந்தது.

நிம்மதியாகக் கயிற்றை இழுத்துச் சுருட்டினேன். ஏறி வந்து எனக்குப் பின்னால் உட்கார்ந்தான். மூட்டத்தில் அவனுடைய மஞ்சள் தொப்பி மட்டும்தான் தெரிந்தது. தலை குனிந்திருந்தது.

"என்ன மாப்ள, வாய் வலிக்குதா?"

பேசவில்லை. மூச்சிரைப்புகூட இல்லை. அவ்வளவு செங்குத்தில் ஏறியவனுக்கு மூச்சு வாங்க வேண்டாமா? பயந்துவிட்டான், சொல்ல வெட்கப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

11:41. தண்ணீர் பாட்டிலைப் பின்பக்கமாக நீட்டினேன். வாங்கிக்கொண்டான். திரும்பி வந்த பாட்டிலில் ஒரு சொட்டும் குறையவில்லை. பாட்டில் மட்டும் ஐஸாகச் சில்லிட்டிருந்தது.

எங்கேயோ கீழே ஒரு முனகல்... ஆடோ மாடோ என்று நினைத்தேன்.

"உனக்குக் கேக்குதா?"

மஞ்சள் தொப்பி மெதுவாக இடமும் வலமும் ஆடியது.

12:15. மூன்றாவது பாறை. நான் முதலில் ஏறினேன். மேலே போய் ஒரு இழுப்பு.

இரண்டு இழுப்பு. உடனே... நான் இழுத்து முடிப்பதற்குள்.

கயிறு கனத்தது. இழுத்தேன். பாதியில் கனம் போய்விட்டது.

"மாப்ள!"

கயிறு சும்மா வந்தது. நுனியும் வந்தது. இடுப்பளவுக்கு ஒரு வளையம். முடிச்சு அவிழவில்லை. உள்ளே ஆள் இல்லை.

அது எங்கள் தொழிலில் யாரும் போடாத முடிச்சு.

முதல் தடவையாகக் கீழே பார்த்தேன்.

மூட்டம் விலகியிருந்தது.

யாருமே இல்லை.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. 2:35க்கு அவனைக் கண்டேன். இரண்டாவது பாறையின் அடியில் ஒரு இடுக்கில் கிடந்தான். தொடை கிழிந்திருந்தது. உடம்பில் சூடு இருந்தது. உயிர் இல்லை. தலையில் தொப்பியும் இல்லை.

"ரெண்டு மணி வரைக்கும் உயிர் இருந்திருக்கும். யாராவது ஒரு துணியால இறுக்கிக் கட்டியிருந்தாக்கூட..." என்றார் பிறகு ஆஸ்பத்திரியில் மருத்துவர்.

மலையில் சிக்னல் கிடையாது. அடிவாரத்துக்கு ஓடி ஆள் கூட்டிவந்து, ஸ்ட்ரெச்சர் சாலைக்கு வந்தபோது மணி 6:10. அவன் பாக்கெட்டில் போன் 'டிங்' என்றது. மலையில் அவன் அனுப்பப் பார்த்த குரல் பதிவு அப்போதுதான் அக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. நான் வீட்டுக்கு இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. தம்பி பேசுகிறான் என்று ஆசையாகத்தான் அதைத் திறந்திருக்கிறாள்.

எனக்கு ஒரே ஒரு தடவை அதைப் போட்டுக் காட்டினாள். அதற்குப் பிறகு இன்றுவரை என்னிடம் பேசவில்லை. பதிவு செய்த நேரம் 11:41.

"அக்கா... கயித்த கட்றதுக்குள்ள வழுக்கிருச்சுக்கா. கால் போச்சு. கத்தறேன், மாமாவுக்குக் கேக்கல... கயிறு என்கிட்ட இல்ல. அதுல வேற யாரோ ஏறிப் போயிட்டான். என் தொப்பிய போட்டுட்டு..."

மூச்சு இழுக்கிறது.

"மூட்டம் கொஞ்சம் விலகிருச்சுக்கா. இங்கருந்து நல்லா தெரியுது. மாமா பின்னாடிதான் உக்காந்திருக்கான். மாமா அவனுக்குத் தண்ணி குடுக்கறாரு... ஒரே ஒரு தடவ கீழ பாக்கச் சொல்லுக்கா..."