அட்டைப் படத்தை நம்பி வாங்கிய நாவல்

விடுதிக்குப் புறப்படுகிற மகள் நேற்றுப் பெட்டி அடுக்கிக்கொண்டே, "அம்மா, போறதுக்கு முதல் வாசிக்க மனசைத் தொடுற நாவல் ஒண்டு சொல்லுங்கோ" என்றாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. காரணத்தை அவளுக்குச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது.

யுத்தம் முடிந்த புதிது. சிலாபத்துக்கு வடக்கே இருந்த எங்கள் கரைக்கு மன்னாரிலிருந்து எனக்கொரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை புத்தகப் பைத்தியம். தொலைபேசியில், "கலியாணத்துக்கு முதல் நல்ல நாவல் ஒண்டு தேடி வாசியுங்கோ. நாள் குறிக்க வரேக்க அதைப் பற்றிக் கதைப்பம்" என்றார். "ஓம்" என்றுவிட்டேன்.

எங்கள் கரையில் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் சிங்களம். மாதா கோவிலில் பாடும் தமிழ்ப் பாட்டைக்கூடச் சிங்கள எழுத்தில்தான் எழுதி வைத்திருப்போம். சிங்கள நாவல் படித்து எத்தனையோ தடவை மூக்கைச் சிந்தியிருக்கிறேன். தமிழில் ஒரு எழுத்தும் தெரியாது. இதை அவரிடம் எந்த வாயால் சொல்வது?

மஸ்கட் இனிப்பு மணந்தால் எனக்கு இன்றைக்கும் தலவிலக் கோவில் திருவிழாதான். அங்கே மஸ்கட் கடைக்குப் பக்கத்தில் ஒரு புத்தகக் கடை. "மனசு உருகுற மாதிரி ஒண்டு வேணும்" என்றேன். "பேரப் பாத்து எடுங்க மகள்" என்று கடைக்காரர் அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார். பேரை எங்கே பார்ப்பது, படத்தைத்தான் பார்த்தேன். ஒரு அட்டையில் ஜன்னலோரம் தனியாக ஒரு பெண், தலையைக் குனிந்தபடி. கடலுக்குப் போனவனுக்குக் காத்திருக்கிறாள் என்று கதையையும் நானே கட்டிக்கொண்டேன்.

நாள் குறிக்க வந்தார்கள். புத்தகத்தை எல்லார் கண்ணிலும் படும்படி மேசையில் வைத்திருந்தேன்.

"வாசிச்சீங்களோ?" என்றார் அவர்.

"ஓம், அழுதே போயிட்டன்."

அவர் கையில் எடுத்தார். முகம் ஒரு மாதிரியானது. சட்டென்று கவிழ்த்து வைத்தார். அவருடைய அம்மா விடவில்லை, எடுத்து உரக்கவே வாசித்தார்: "கர்ப்பிணித் தாய்மாருக்கான ஆலோசனைகள்."

பிறகு என் வயிற்றைப் பார்த்தார். "பிள்ளை, இது ஆருக்கு?"

கலியாணம் நின்றுபோக ஒரு வார்த்தை போதும். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படியே நினைத்துவிட்டுப் போகட்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. உண்மையைச் சொல்ல அதைவிடக் கூசியது.

"எனக்குத் தமிழ் வாசிக்க ஏலா மாமி. படத்தப் பாத்து வாங்கினது."

மாமி கண்ணில் நீர் வரச் சிரித்தார். மாப்பிள்ளை மட்டும் மெதுவாக, "அப்ப அழுதது?" என்றார்.

"அதுவும் பொய்தான்."

கலியாணம் நடந்தது, மன்னாருக்கு வந்தேன். மகளின் முதலாம் வகுப்புப் புத்தகத்தில்தான் நானும் எழுத்துக் கூட்டினேன். இன்னும் 'ர'வும் 'ற'வும் என்னை ஏய்க்கும்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். கோவிலில் பூசை முழுக்கச் சிங்களத்தில். பள்ளிக்கூட வாசலில் தங்கையின் மகளைக் கண்டு, "இஞ்ச வா மகள்" என்று கூப்பிட்டேன். பிள்ளை திரும்பவில்லை. தங்கை என் கையைப் பிடித்து அழுத்தினாள். "சத்தம் போடாதீங்க அக்கா. கூட்டாளிமாருக்கு முன்னால தமிழ்ல கூப்பிட்டா அவளுக்கு வெக்கம்."

நான் குரலைத் தாழ்த்தி, சிங்களத்தில் கூப்பிட்டேன். உடனே ஓடி வந்தாள்.