இரவல் நெருப்பு

உலகச் சண்டைக் காலம் முழுக்க எங்கள் வீட்டில் தீப்பெட்டி வாங்கியதே இல்லை. வீட்டுக்காரர் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போயிருந்தார். ஒரு சோடி எருது வாங்கும்வரை வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இரு என்று சொல்லிவிட்டுப் போனார். இருந்தேன். அடைமழையில் உப்புக்கூடை கசியும் நீரைக்கூடச் சிரட்டையில் பிடித்துக் குழம்பில் ஊற்றினேன். சீமெண்ணெயை மிச்சம் பிடிக்க, வெளிச்சம் இருக்கும்போதே சாமைச் சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்தேன். அடுப்பில் கனத்த கட்டை ஒன்றைச் சாம்பலால் மூடி வைத்தால் விடியும்வரை கனல் இருக்கும். அந்த வேலையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்குத் திமிரும் உண்டு.

ஆனால் எல்லாவற்றையும் வீட்டிலேயே பார்த்துக்கொண்டதால் யாரிடமும் போகிற தேவையே இல்லாமல் போயிற்று. மலைமேல் எங்கள் எடப்புளி நாட்டில் வீடுகள் காட்டுக்கொன்றாகத் தள்ளித் தள்ளி இருக்கும். கோழியைத் திட்டும்போதுதான் என் குரலே எனக்குக் கேட்கும்.

ஒரு நாள் கூரை ஒழுகி அடுப்பு அணைந்துபோனது. உடைந்த பானை ஓடு ஒன்றை எடுத்துக்கொண்டு மேட்டுக்காட்டு அக்காவிடம் நெருப்புக் கேட்கப் போனேன். நாலு கங்கு எடுத்துப் போடுவதற்குள் அவர் மரவள்ளியைப் பன்றி கிளறியதையும் மகளுக்கு மாப்பிள்ளை தேடுவதையும் சொல்லி முடித்துவிட்டார். திரும்பும் வழியெல்லாம் எனக்கு அழுகை. ஒருத்தர் நின்று பேசினார் என்பதற்காக அழுத பைத்தியம் நானாகத்தான் இருப்பேன்.

மறுநாள் காலை நானே அடுப்பில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினேன். அதற்கு மறுநாளும் ஊற்றினேன். விளக்கு வைத்தபின் யாரும் நெருப்புத் தரமாட்டார்கள். அதனால் இந்தத் திருட்டு வேலையைக் காலையிலேயே முடித்துவிடுவேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். ஒரு காலை அக்கா கங்குக்குப் பதிலாக, சேந்தமங்கலம் சந்தைக்குப் போனவர்களிடம் சொல்லி வாங்கிவைத்த புதுத் தீப்பெட்டியை என் கையில் வைத்தார்.

“காசு வேண்டாங் கண்ணு, வச்சுக்க. இனி நீ தெனமும் மேடேறி அல்லாட வேண்டியதில்ல.”

அந்த நாளில் தீப்பெட்டி கிடைப்பதே பெரும்பாடு. அந்த நல்ல மனசின்மேல் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! சரிங்க அக்கா என்று வாங்கிக்கொண்டு இறங்கினேன். ஓடையைத் தாண்டும்போது குந்தி உட்கார்ந்து, பெட்டியை முழுசாகத் தண்ணீரில் முக்கி எடுத்தேன். அன்றைக்குப் பழைய களியைக் கரைத்துக் குடித்தேன்.

விடிந்ததும் பானையோட்டோடும் அந்தப் பெட்டியோடும் போய் நின்று, மழையில் தீப்பெட்டி நமத்துப் போச்சுங்க என்றேன். அக்கா பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாலு நாளாக மலையில் ஒரு தூறல்கூட இல்லை. அவர் மணையை என் பக்கம் தள்ளி, “உக்காரு கண்ணு,” என்றார்.

அன்று அந்த நாலு கங்கை எடுத்துப் போட அவருக்கு உச்சிப்பொழுது ஆயிற்று.